ஏழு திருப்புளியும் ஒரே ஒரு நேயரும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். 'எல்லோரும்' என்று எழுத இந்த வீட்டில் இப்போது ஆள் போதாது, 'நலம்' என்று எழுத மனம் வரவில்லை, அதனால் அந்த வரிக்கு இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆனாலும் நலமாக இருக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கம்ப்யூட்டர் விஷயம் எழுதப் போகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் உங்கள் அண்ணன், "அவன் இங்க போன் போடக் கூடாது, இங்கருந்து அவனுக்கும் யாரும் போடக் கூடாது" என்று சொன்னார். அவர் போய்விட்டார் என்பதற்காக அவர் சொன்னதும் போய்விடுமா. ஆனால் கடிதம் எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன், சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். சில வாரமாக உங்கள் போனுக்கு ஏதோ ஒரு எண் தினமும் வந்துகொண்டிருக்கும். யாரோ ஏமாற்றுக்காரன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அது நான்தான் தம்பி. உங்கள் அண்ணன் பேச்சை வைத்திருக்கிற கம்பெனியின் கதவை நான் தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் தட்டுகிறேன், அது உங்கள் வீட்டில் கேட்கிறது. அந்த எண் எனக்கு வேண்டும். ஒரே ஒரு தடவை வந்தால் போதும். இந்த மாசம் முப்பதாம் தேதிக்குள் வராவிட்டால் அவருடைய குரலை மொத்தமாக அழித்துவிடுவார்களாம். எப்படி இந்த நிலைமைக்கு வந்தேன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

ரயில் நிலையத்தில் காணாமல் போன பொருள் கவுண்ட்டரில் அவர் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள், மனுஷன் வீட்டுக்கு வந்தாரே தவிர மனசு அந்தக் கவுண்ட்டரில்தான் இருந்தது. "சாமானத் தொலைச்சவனுக்கு அது கவுண்ட்டருக்கு வந்திருக்குன்னு தெரியவே தெரியாதும்மா, யாராவது சொல்லணும்" என்பார். நீங்கள்தான் வந்து, இன்டர்நெட்டில் ரேடியோ மாதிரி ஒன்று வைத்துக்கொள்ளலாம், மாசத்துக்குக் கொஞ்சம் கட்டினால் போதும், உலகத்தில் எந்த மூலையில் இருப்பவனும் கேட்கலாம் என்று சொல்லி, உங்கள் கையாலேயே கணக்குத் திறந்து கொடுத்தீர்கள். அப்போது கணக்குக்கு உங்கள் போன் நம்பரைக் கொடுத்து வைத்தீர்கள். அன்றைக்கு அது ஒரு உதவி. இன்றைக்கு அதுதான் என் தலையில் கல்லாக விழுந்திருக்கிறது.

அவரும் தினமும் நாலு மணிக்குக் கவுண்ட்டருக்குப் போய், அன்றைக்கு வந்த சாமான் பட்டியலை எழுதிக்கொண்டு வந்து சாயங்காலம் மைக்கில் படிக்க ஆரம்பித்தார். அடுத்த மாசமே நீங்கள் மைக்கைச் சரி செய்ய வந்த நாள் எனக்கு மறக்கவில்லை. அவரோடு வேலை பார்த்தவர்கள் நாலு பேர் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஆசையாக, "டேய், எத்தனை பேரு கேக்குறாங்கன்னு அதுல காட்டுமாமே, பாத்துச் சொல்லுடா" என்றார். நீங்கள் பார்த்தீர்கள். சிரித்தீர்கள். "பூஜ்யம்ணே. ஒரு மாசமா நீ சுவத்தோட பேசிட்டிருக்க. கேக்குறவன் ஒருத்தன்கூட இல்ல" என்றீர்கள். அந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "எழுந்திரு. இனி இந்த வாசப்படிய மிதிக்காத. போனும் போடாத" என்றார். "மிதிக்கல. போடல. போதுமா" என்று நீங்களும் மைக்கை அரைகுறையாக விட்டுவிட்டு எழுந்து போனீர்கள். நான் டீயோடு வந்தபோது உங்கள் செருப்பு இல்லை. ஆறு டம்ளரில் ஒன்று மீந்துபோனது. இரண்டு பேருக்கும் சேர்த்து அறிவு இருந்திருந்தால் அந்த டீயாவது ஆறாமல் இருந்திருக்கும்.

நீங்கள் சொன்னது தப்பு என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன். நீங்கள் போன அடுத்த வாரமே அந்தப் பூஜ்யம் ஒன்றாக ஆகிவிட்டது. ஆமாம், ஒரு நேயர் வந்தார். ஆறு வருஷமாக ஒரு நாள் தவறாமல் கேட்டார். நடுவில் ஒரு தடவை பதினொன்று வரைக்கும்கூட ஏறியது, யாரோ பல்செட்டைத் தொலைத்துவிட்டுக் குடும்பத்தோடு தேடிக்கொண்டிருந்தார்கள், கிடைத்ததும் போய்விட்டார்கள். ஆனால் அந்த ஒருவர் மட்டும் போகவில்லை. தம்பி என்று பிறந்தவர் கேட்கவில்லை, பேர் தெரியாத ஒருவர் கேட்டார். இதை நீங்கள் நன்றாக மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த நேயரைப் பற்றி நல்லபடியாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவன் சரியான வம்பன். நேயர்கள் எழுதுவதற்கென்று ஒரு பக்கம் உண்டு, அதில் தினமும் ஏதாவது குற்றம் எழுதி வைப்பான். "நேற்றுச் சொன்ன ஒற்றைச் செருப்பு இடது கால், இன்று வலது கால் என்கிறீர்கள்." "இருமல் அதிகமாக இருக்கிறது, சரக்கை விட இருமல்தான் நிறையக் கேட்கிறது." பேர் போடமாட்டான். இவரும் விடமாட்டார், மறுநாள் மைக்கில் பதில் சொல்வார். "இருமலைப் பற்றி எழுதிய ஐயா அவர்களுக்கு, கஷாயம் குடிச்சாச்சு, உங்க வேலையப் பாருங்க." இதற்கு ஒரு மணி நேரம் முகம் மலர்ந்து உட்கார்ந்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "முகம் தெரியாதவன்கூட என்னங்க சண்டை" என்பேன். "சண்ட போடவாவது ஆள் இருக்கே" என்பார்.

பட்டியலைப் படித்து முடித்ததும் கடைசியாக எப்போதும் ஒரே ஒரு பொருளைச் சொல்வார். "நீல நிற ரெக்சின் பை ஒன்று. உள்ளே திருப்புளி ஏழு. எட்டாவது இடம் காலி. உரியவர் எப்போது வேண்டுமானாலும் வந்து பெற்றுக்கொள்ளலாம்." ஆறு வருஷமாக அதே பை. அது இங்கேதான், பின்னறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. கவுண்ட்டர் சாமானை வீட்டுக்குக் கொண்டு வரலாமா என்று கேட்டால், "இது நம்ம கவுண்ட்டர்லதான் இருக்கணும்" என்பார். வம்பன் இந்தப் பையையும் விடவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை எழுதுவான், "அந்தப் பையில் எட்டு இருக்க வேண்டும். சரியாக எண்ணவும்" என்று. இவர் மைக்கில், "நான் நல்லாத்தான் எண்ணியிருக்கேன் ஐயா, ஏழுதான். எட்டாவத எடுத்துட்டுப் போனவர் கொண்டுவந்து வச்சா எட்டாயிடும்" என்பார். உலகத்தில் எவ்வளவோ தொலைகிறது, இந்த இரண்டு பேரும் ஸ்குரூ முடுக்குகிற ஒரு திருப்புளிக்காக ஆறு வருஷம் வழக்காடினார்கள். இன்னொரு கிறுக்கும் உண்டு. முப்பத்தொரு வருஷம் மணியடித்த மாதிரி வேலைக்குப் போன மனுஷன், இந்த ரேடியோவை மட்டும் ஒரு நாள்கூட ஆறு மணிக்குத் தொடங்கியதில்லை. ஆறுக்கு மைக் முன்னால் உட்காருவார், தொண்டையைச் செருமுவார், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்பார், தண்ணீர் குடிப்பார், மறுபடி செருமுவார். ஆறு ஐந்துக்குத்தான் வணக்கம் சொல்வார். "தொண்டையில என்ன ஊர்வலமா போகுது, ஆரம்பிக்க வேண்டியதுதானே" என்று நான் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். இப்போது அந்தச் செருமலைக் கேட்டால் போதும் என்று இருக்கிறது.

அவர் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தக் கம்பெனிக்காரர்கள் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது சதவீதம் தடையே வராது என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் அண்ணனும் அப்படித்தான் இருந்தார், ஒரு காய்ச்சல் தலைவலி கிடையாது. அந்தப் பாக்கிப் புள்ளி ஒன்று செவ்வாய்க்கிழமை காலையில் பல் தேய்க்கும்போது வந்துவிட்டது. நீங்கள் வந்தீர்கள், எதிர்ச் சாரியில் தையல் கடை ஓரமாக நின்றீர்கள், தூக்கினதும் திரும்பிப் போய்விட்டீர்கள் என்று தையல்காரர் சொன்னார். "உள்ள போங்கன்னு சொன்னேம்மா, வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்னாரு" என்றார். அந்தச் சொல்லைக் காப்பாற்ற அன்றைக்கா நாள் கிடைத்தது தம்பி. நான் அன்றைக்கு எல்லோர் முகத்தையும் பார்த்தேன், உங்கள் முகத்தைத்தான் தேடினேன், அவர் ஜாடை அதில்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் வீடு நிறைய ஜனம். உங்கள் அக்கா கூடத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆறு மணி ஆனது. பின்னறையிலிருந்து உங்கள் அண்ணன் தொண்டையைச் செருமினார். உங்கள் அக்கா கையிலிருந்த செம்பு விழுந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றார். ஒரு சித்தப்பா எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்குப் போய்விட்டார். "வணக்கம், இன்று கிடைத்தவை. கருப்புக் கண்ணாடி ஒன்று, ஒரு பக்கக் கால் இல்லை" என்று அவர் பாட்டுக்குச் சொல்கிறார். அவர் ஆறு மணிக்கு மைக்கைத் திறக்காவிட்டால் பழைய பதிவு ஒன்று தானாக ஓடும்படி முடுக்கி வைத்திருந்தாராம், வருகிற நேயர் வெறும் காதோடு திரும்பக் கூடாதாம். அது எங்களுக்கு எப்படித் தெரியும். உங்கள் அக்கா, "டேய், எங்கடா இருக்க" என்று பின்னறைக்குள் ஓடி மேஜைக்கு அடியில் எல்லாம் பார்த்தார். அவர் தேடினதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது தம்பி. அன்றைக்குச் சிரித்தவள் என்று எனக்குப் பேர் வந்துவிட்டது, இருக்கட்டும். சிரித்து முடித்த பிறகுதான் அழுதேன், அதை யாரும் எண்ணவில்லை.

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு வருகிறார். ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு பழைய நாள். ஒரு நாள் மழை கேட்கும், ஒரு நாள் பின்னால் நான் பாத்திரம் போடுகிற சத்தம் கேட்கும். சில சமயம் நடுவில் அப்படியே நின்றுவிடும். "பழுப்பு நிற" என்பார், அதற்கு மேல் வராது, திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். முதல் தடவை அப்படி நின்றபோது அவருக்கு மூச்சு வாங்குகிறது என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் ஞாபகம் வந்தது. எடுத்த தண்ணீரை நானே குடித்தேன். "மணிபர்ஸ்" என்று அவர் முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.

இதற்குள் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்துவிட்டேன். செத்தவர் கார்டை யாராவது திருடன் உபயோகித்துவிடுவான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள், நான் மறுவாரமே பேங்க்கில் போய் எழுதிக் கொடுத்து கார்டை நிறுத்திவிட்டேன். அந்தக் கார்டை உபயோகித்துக்கொண்டிருந்தது அவருடைய ரேடியோ ஒன்றுதான் என்று எனக்குத் தெரியாது. கம்பெனிக்குப் போக வேண்டிய பணம் போகவில்லை. அவர்களிடமிருந்து ஒரு கடிதம் கம்ப்யூட்டரில் வந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரம்மாதான் வந்து படித்துச் சொன்னார், அவர்தான் இந்த விஷயத்தில் எனக்குக் கண். "அன்புள்ள ஐயா, உங்களை இழக்க நேர்வது எங்களுக்கு மிகுந்த வருத்தம்" என்று ஆரம்பித்திருந்தது. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எங்கேயோ இருக்கிற கம்பெனி, முகம் பார்த்ததில்லை, அவர்களுக்கு இருக்கிற மனசு கூடப் பிறந்தவர்களுக்கு இல்லையே என்று உங்களைத்தான் நினைத்தேன். கடைக்காரம்மாவிடம் சொல்லி, "உங்கள் ஆறுதலுக்கு நன்றி, கடைசி நேரத்தில் அவர் கஷ்டப்படவில்லை" என்று பதில் போடச் சொன்னேன். உடனே இன்னொரு கடிதம், எங்கள் சேவை உங்களுக்கு எத்தனை நட்சத்திரம் திருப்தியாக இருந்தது என்று. துக்கம் விசாரிப்பதற்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பது. ஐந்தும் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் கடைக்காரம்மா கீழே இருந்த சின்ன எழுத்தைப் படித்தார். பணம் வராவிட்டால் முப்பதாம் தேதி கணக்கை மூடி, உள்ளே இருக்கிற பதிவுகளை எல்லாம் அழித்துவிடுவோம் என்று எழுதியிருந்தது. கொடுத்த நட்சத்திரத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டேன். முடியாதாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் பதிவு இருக்கிறது தம்பி. எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. இந்தக் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று அவர் ஏற்றி முடித்ததும் இங்கே இருப்பதைத் துடைத்துவிடுவார். நான் போனில் பதிந்து பார்த்தேன், குக்கர் விசில்தான் தெளிவாகப் பதிந்தது. கம்பெனிக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள், பிறகு ஒரு பெண் வந்தாள். "கணக்கு வச்சிருக்கிறவர் பேசணும் மேடம்" என்றாள். அவர் இறந்துட்டார்மா என்றேன். "வருத்தம் மேடம். அத அவரோட மெயில்ல இருந்து அவர் உறுதி பண்ணணும்" என்றாள். அவர் உறுதியாத்தான்மா இறந்திருக்கார் என்றேன். எதையோ தட்டித் தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "மேடம், இறப்புச் சான்றிதழ ஏத்தலாம், கணக்குக்குள்ள போனா அதுக்கு ஒரு இடம் இருக்கு" என்றாள். கணக்குக்குள்ள எப்படிம்மா போறது. "பாஸ்வேர்டு வேணும் மேடம்." அதுதான்மா தெரியல. "மறந்துட்டேன்னு ஒரு பட்டன் இருக்கும், அமுக்குங்க, ஒரு எண் வரும், அதப் போட்டா திறந்துடும். வேற எதாவது உதவி வேணுமா மேடம், தங்கத் திட்டத்துக்கு மாறினா இன்னும் அதிக பேர் கேக்கலாம்" என்றாள். ஒருத்தர் போதும்மா என்று வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை, பாவம், அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். வைப்பதற்கு முன்னால் மெதுவாக, "எங்க அப்பா பேசினது எங்கிட்ட ஒண்ணுகூட இல்லங்க, நீங்க எப்படியாவது உள்ள போயிடுங்க" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் ஐந்தரைக்கு, மறந்துவிட்டேன் என்ற பட்டனை அமுக்குகிறேன். அவரை மறந்துவிட்டேன் என்று தினமும் ஒரு தடவை சொல்வது மாதிரி இருக்கும், என்ன செய்வது. எண் அனுப்பியாகிவிட்டது என்று வரும். நான் என் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் போனையும் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். இரண்டிலும் வராது. கடைசியில் போன வாரம்தான் கடைக்காரம்மா திரையில் பார்த்துவிட்டு, "எக்கா, இது நாப்பத்தேழுல முடியிற நம்பருக்கில்ல போகுது, அது யாரு" என்றார். டைரியைப் புரட்டினேன். நாற்பத்தேழில் முடிகிற நம்பர் ஒன்றே ஒன்றுதான். அதன் மேல் அவர் ஒரு கோடு போட்டு அடித்திருந்தார், ஆனால் நம்பர் தெரிகிற மாதிரிதான் அடித்திருந்தார்.

இந்த வம்பனைப் பற்றியும் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உங்களிடம் சொல்கிறேன். அவர் போன பிறகு பத்து நாள் அவன் ஒன்றும் எழுதவில்லை. ஆறு ஐந்துக்கு அந்தப் பூஜ்யம் மட்டும் ஒன்றாகும், கேட்டுவிட்டுப் போய்விடுவான். செய்தி தெரிந்து மரியாதை காட்டுகிறான் போல என்று நினைத்தேன். பதினோராம் நாளிலிருந்து ஆரம்பித்தான் பாருங்கள், வெறும் எண். வணக்கம் கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. மறுநாள் காலையில் நான் தூசி தட்டும்போது பார்ப்பேன், ஒரு நாள் 408213 என்று இருக்கும், ஒரு நாள் 771956 என்று இருக்கும். கூப்பிடச் சொல்லி நம்பர் கொடுக்கிறான் என்று நினைத்துப் போன் போட்டேன், நீங்கள் அழைத்த எண் சரியில்லை என்றது. சண்டை போட ஆள் இல்லாமல் புத்தி பேதலித்துவிட்டது போலிருக்கிறது. "காசுக்கணக்குப் போட வேற இடம் கிடைக்கலையா, துக்க வீடு இது" என்று எழுதலாம் என்று இருந்தேன். ஆறு வருஷம் கேட்டவனாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த எண் பத்து நிமிடம்தான் உயிரோடு இருக்குமாம். உங்கள் கடிதம் வந்து சேர நாலு நாள் ஆகும். அதனால் கடிதத்தில் எழுதி அனுப்பினால் எனக்குக் கிடைக்கும்போது அதுவும் செத்திருக்கும். நான் யோசித்து வைத்திருக்கிறேன். இருபதாம் தேதி சாயங்காலம் ஐந்தரைக்கு நான் பட்டனை அமுக்குவேன். உங்களுக்கு எண் வந்ததும் ஜெராக்ஸ் கடைக்குப் போன் போடுங்கள், நம்பர் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. இந்த வீட்டுக்குத்தான் போடக் கூடாது, கடைக்குப் போடலாம், அவர் சொன்னதில் கடை வராது. கடைக்காரம்மா எண்ணை உரக்கச் சொல்வார், நான் ஜன்னலில் கேட்டு ஓடிப்போய்ப் போட்டுவிடுவேன். நீங்கள் என்னோடு பேச வேண்டியதில்லை. உங்கள் வாக்கும் உடையாது, அவர் வாக்கும் உடையாது. எனக்கு அவர் குரல் மட்டும் மிஞ்சினால் போதும். உங்களுக்கு அது வேண்டாம் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது கேட்டிருந்தால் உங்களுக்கும் வேண்டும் என்று இருந்திருக்கும்.

கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்கவும், எழுதினதை அடிக்க மாட்டேன். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள், உங்கள் குடும்பத்துக்கு அந்தப் பழக்கம் உண்டு. உங்கள் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்லவும். பிள்ளைகள் உயரமாகியிருப்பார்கள். நீங்கள் எல்லோரும் நீண்ட காலம் இருக்க வேண்டும், பல் தேய்க்கும்போது உட்கார்ந்து தேய்க்கவும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், நீராவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன், தாள் சுருங்கியிருந்தால் அதனால்தான்.

உங்களுக்குத் தெளிவாக இருக்கட்டும் என்று, திரையில் என்ன வருகிறது என்பதை அப்படியே பார்த்து எழுதலாம் என்று நினைத்து இன்றைக்கும் ஐந்தரைக்குப் பட்டனை அமுக்கினேன். எண் போடச் சொல்லிக் கட்டம் வந்தது. இத்தனை நாளாக அதை எண்ணிப் பார்த்ததில்லை, எண்ணே வராதபோது கட்டத்தை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். இன்று எண்ணினேன். ஆறு கட்டம். வம்பன் எழுதி வைக்கிற எண்ணும் ஆறு இலக்கம். நேயர் பக்கத்தைத் திறந்தேன். ஒன்றும் இல்லை, நேற்றைய எண்தான் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று நிமிடம் கழித்து என் கண் முன்னாலேயே வந்து விழுந்தது, 350684. ஒவ்வொன்றாகப் போட்டேன். திறந்துவிட்டது தம்பி.

எல்லாம் இருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு. கடைக்காரம்மா ஓடி வந்து தன் கார்டிலேயே கட்டிவிட்டார், சான்றிதழையும் ஏற்றிவிட்டோம். உள்ளே ஓர் ஓரத்தில் அவர் தனக்கென்று குறிப்பு எழுதி வைக்கிற இடம் இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு ஒரே ஒரு குறிப்புதான் எழுதியிருக்கிறார். "ஆறுக்குத் தொடங்க வேண்டாம். அவனுக்கு வேலை ஆறுக்குத்தான் முடியும். ஒன்று ஆகும்வரை பொறுக்கவும்."

அதனால் மேலே எழுதிய எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். கடைக்குப் போன் போட வேண்டாம். எண் ஒன்றும் வேண்டாம், முப்பது நாளாகக் கொடுத்துக்கொண்டிருந்ததை எல்லாம் காலையில் தூசியோடு துடைத்திருக்கிறேன். கேட்கவில்லை என்று எழுதியதும், புத்தி பேதலித்தது என்று எழுதியதும் உங்களையேதான். தெரியாமல் எழுதினேன். எழுதினதை அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அடிக்கவில்லை, நீங்களே அடித்துக்கொள்ளவும்.

நாளைக்கு நாலு மணிக்கு நான் கவுண்ட்டருக்குப் போய்ப் பட்டியலை எழுதிக்கொண்டு வரப் போகிறேன். இனிப் பழைய பதிவு ஓடாது, நானே படிப்பேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், தப்பு இருந்தால் எழுதி வையுங்கள். ஆறு மணிக்கு உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பேன், ஒன்று ஆனதும் தொடங்குவேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் நாலு நாள் கேட்டிருப்பீர்கள். கடைசிப் பொருள் அதேதான், மைக்கைச் சரி செய்ய வந்த அன்றைக்கு நீங்கள் விட்டுவிட்டுப் போன பை. இப்போது ஆணியிலிருந்து எடுத்து நானே எண்ணிப் பார்த்தேன். ஏழு என்றுதான் படிப்பேன் தம்பி. வாசப்படியை மிதிக்கக் கூடாது என்றுதான் அவர் சொன்னார், பின்கட்டுக் கதவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஏழு என்று படிப்பதா, எட்டு என்று படிப்பதா என்பது உங்கள் கையில் இருக்கிறது.